வெள்ளை பர்கண்டியை ருசித்து மதிப்பிடுவது எப்படி: தக்கை திறப்பதற்கு முன்பிருந்து மறுநாள் மாலை வரை

வெள்ளை பர்கண்டி ஒயினை மதிப்பிட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில், அப்போதுதான் திறந்த தக்கை, இரண்டு மிடறு, உடனே ஒரு மதிப்பெண். மெர்சோ, புலினி-மொன்ராஷே போன்ற பர்கண்டி ஊர்களின் நல்ல ஒயின் அந்தப் பத்து நிமிடத்தில் தன்னைப் பாதிகூடக் காட்டாது. மோசமான பாட்டிலும் தன் குறையை அதற்குள் முழுதாக வெளிவிடாது. அதனால் கீழே சொல்லும் படிகள் அனைத்தையும் ஒரே அடிப்படையில் அமைத்திருக்கிறேன். ஒரு பாட்டிலுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். விழுங்கிய பிறகு வாயில் எது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்துத் தரத்தைச் சொல்லுங்கள்.

லேபிளை வாசித்தல்

பர்கண்டி பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. அங்கே வெள்ளை ஒயின் என்றால் ஏறக்குறைய எப்போதும் ஷார்டனே திராட்சைதான். அலிகோத்தே என்ற இன்னொரு வெள்ளைத் திராட்சையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அதன் பெயர் லேபிளிலேயே இருக்கும். பீனோவும் கூவே பிளான் என்ற எளிய திராட்சையும் சேர்ந்து பிறந்ததுதான் ஷார்டனே என்று 1999இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஷார்டனேவுக்குத் தனக்கென்று உரத்த மணம் கிடையாது. மஸ்கட் திராட்சையைப் போல அது தன்னை அறிவித்துக்கொள்ளாது. விளைந்த நிலமும் செய்தவரின் கையும் அதில் தெளிவாகத் தெரிவதற்கு அந்த அடக்கமே காரணம்.

லேபிளில் திராட்சையின் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. இடத்தின் பெயர்தான் இருக்கும். அந்த இடப்பெயர்களில் நான்கு படிநிலைகள் உண்டு. அடியில் வட்டாரப் பெயரோடு வரும் பூர்கோன் பிளான். அதற்கு மேல் மெர்சோ, புலினி-மொன்ராஷே போன்ற ஊர்ப்பெயர் ஒயின்கள். அதற்கும் மேல், ஊர்ப்பெயரோடு குறிப்பிட்ட தோட்டத்தின் பெயரும் சேர்ந்து வரும் பிரமியே குரூ. உச்சியில் கிரான் குரூ. பர்கண்டியின் மொத்த விளைச்சலில் கிரான் குரூ ஒன்றிரண்டு சதவீதம்தான்.

இந்தப் படிநிலையை ஒரு மலைச்சரிவில் வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும். புலினி, ஷசான் ஆகிய இரண்டு ஊர்களின் எல்லையில் மொன்ராஷே தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 8 ஹெக்டேர்தான். 1879இல் இரண்டு ஊர்களும் அந்தப் புகழ்பெற்ற பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. மொன்ராஷேவுக்கு நேர் மேலே, மண் மெலிந்து கல் மிகுந்த சரிவில் ஷெவாலியே-மொன்ராஷே. கீழே, மண் ஆழமாகி களிமண் கூடும் இடத்தில் பத்தார்-மொன்ராஷே. மூன்றுமே கிரான் குரூ, மூன்றிலும் விளைவது ஒரே திராட்சை. மேல்சரிவின் ஒயின் ஒல்லியாக, நரம்பு தெரிய இருக்கும். கீழ்ச்சரிவின் ஒயின் தோள் அகன்று, கனமாக இருக்கும். நடுச்சரிவுக்கு இரண்டு குணமும் சேர்ந்து வாய்த்திருக்கிறது. சரிவில் சில நூறு அடி நடந்தால் ஒயின் மாறுகிறது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் வைத்துப் பேணிய இந்த மரபுக்காகவே பர்கண்டியின் திராட்சை நிலத்துண்டுகள் 2015இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஊர்களைப் பற்றி ஒரு தோராயமான எதிர்பார்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாப்லி வடமேற்கே தனியாக, குளிர்ந்த இடத்தில் இருக்கிறது. சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்த கிம்மெரிஜியன் சுண்ணாம்பு மண் அதற்குரியது. ஒயின் கூர்மையாக, உப்பு நினைவோடு இருக்கும். தெற்கே கோத் த போன் பகுதியில் மெர்சோ அகலமும் பருப்பு மணமும் கொண்டது. அந்த ஊரில் வெள்ளை ஒயினுக்குக் கிரான் குரூ தோட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அங்குள்ள பெரியேர் தோட்டத்தின் நல்ல பாட்டில் பல கிரான் குரூக்களோடு சரிசமமாக நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. புலினி மெர்சோவை விட நிமிர்ந்தது, பூமணம் கூடியது. ஷசான் சற்று முரட்டுக் கட்டு. கோர்ட்டோன்-ஷார்லமான் இளமையில் வாயைத் திறக்காத ஒயின், பத்து ஆண்டாவது வேண்டும். சேன்ட்-ஓபான் விலைக்கு மீறிய தரம் தரும் ஊர், கற்றுக்கொள்கிறவர்கள் அங்கே தொடங்கலாம். இன்னும் தெற்கே மாக்கோன் பகுதியில் புயி-ஃபுயிசே வெயிலின் கனிவோடு இருக்கும். அங்குள்ள 22 தோட்டங்கள் 2020 விளைச்சல் முதல் பிரமியே குரூ தகுதி பெற்றிருக்கின்றன.

விளைந்த ஆண்டையும் பாருங்கள். 2014 புளிப்பு நிமிர்ந்து நிற்கும் ஆண்டு. 2015, 2018 இரண்டும் வெயில் ஆண்டுகள். 2017 அளவும் சமநிலையும் நன்றாக வாய்த்த ஆண்டு. 2020இல் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியும் ஒயின்களில் புத்துணர்வு குறையவில்லை. 2021இல் ஏப்ரல் உறைபனி ஷார்டனே மொட்டுகளைப் பொசுக்கிவிட்டது. விளைச்சல் மிகக் குறைவு, ஒயின்கள் மெலிந்து துல்லியமானவை.

கடைசியாக, தயாரிப்பாளரின் பெயர். நெப்போலியன் காலத்துச் சட்டத்தின்படி சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிந்து பிரிந்து, இன்று ஒரே தோட்டத்தில் பல குடும்பங்களுக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும் இருக்கின்றன. ஒரே தோட்டத்துப் பெயர், ஒரே ஆண்டு, விலையும் அருகருகே. அப்படியும் இரண்டு கைகளில் இரண்டு தரம். தோட்டத்தின் பெயரை நம்பி மட்டும் பாட்டில் வாங்குவது இங்கே பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும்.

வாசித்து முடித்ததும் லேபிளைத் துணியால் மூடிவிடுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் ருசித்து, நான்கு வெள்ளை பர்கண்டிகளைப் பின்னுக்குத் தள்ளி, கலிபோர்னியாவின் ஷத்தோ மொந்தெலேனா 1973க்கு முதலிடம் கொடுத்தார்கள். அனுபவத்தில் குறைந்தவர்கள் அல்ல அந்த நடுவர்கள். பெயர் மறைந்திருந்ததால் நாவு சொன்னதை எழுதினார்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று பாட்டில்களை ஒப்பிடுவதாக இருந்தால், வேறொருவரைக் கொண்டு ஊற்றச் சொல்லுங்கள்.

மேசையும் நேரமும்

காலை பதினொரு மணி வாக்கில் வயிறு லேசாகப் பசித்திருக்கும்போது நாவு கூர்மையாக இருக்கும். காரசாரமான சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலை பாக்குப் போட்ட பிறகு, காபி குடித்த கையோடு ருசிபார்க்க வேண்டாம். அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகை, உடலில் சென்ட் எதுவும் கூடாது. மல்லிகையை இங்கே குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. புலினி ஒயினில் நாம் தேடப்போகும் மெல்லிய வெள்ளைப் பூமணத்தை அது முற்றாக விழுங்கிவிடும். வெள்ளைத் துணி விரித்த மேசை, பகல் வெளிச்சம், தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, துப்புவதற்கு ஒரு பாத்திரம். ஒன்றுக்கு மேல் பாட்டில் இருந்தால் துப்பியே ஆக வேண்டும். மூன்றாவது பாட்டிலுக்குள் மது தலைக்கேறினால் அதற்குப் பின் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை.

கோப்பை மெல்லிய கண்ணாடியில், வயிறு அகன்று வாய் சற்று ஒடுங்கி இருக்கட்டும். தொழில்முறை ருசிபார்ப்பில் பயன்படும் தரநிலைக் கோப்பை சிறியது. ஷாப்லிக்கு அது போதும். மெர்சோ, மொன்ராஷே வகைகளுக்கு அகன்ற கோப்பைதான் நியாயம் செய்யும். கோப்பையை முதலில் வெறுமையாக முகர்ந்து பாருங்கள். அலமாரி வாடை, சோப்பு வாடை, துடைத்த துணியின் சிக்கு வாடை இருந்தால் ஒயினைக் குறைசொல்லிப் பயனில்லை. வெந்நீரில் அலசி, காற்றில் உலரவிடுங்கள்.

வெப்பநிலை

எளிய வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் குடிப்பது சரி. உயர்ந்த பர்கண்டிக்கு அந்தக் குளிர் ஆகாது. குளிர்பெட்டியின் 4, 5 டிகிரியில் மணம் அடைந்துகிடக்கும், புளிப்பும் ஓக் மரத்தின் கைப்பும் மட்டும் முன்னே வந்து நிற்கும். ஷாப்லிக்கு 10 முதல் 12 டிகிரி செல்சியஸ், கோத் த போன் ஒயின்களுக்கு 12 முதல் 14 டிகிரி பொருத்தம். நம் ஊர் வெப்பத்தில் பாட்டிலை வெளியே வைத்தால் விரைவிலேயே இந்த அளவை எட்டிவிடும். அதன்பிறகும் ஏறிக்கொண்டே போகும் என்பதால், பனிக்கட்டி குறைவாகவும் தண்ணீர் மிகுதியாகவும் உள்ள வாளியில் அவ்வப்போது வைத்தெடுங்கள். சிறிய சமையல் வெப்பமானி ஒன்றை ஒயினில் விட்டுப் பார்ப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கண்ணால்

50, 60 மில்லி ஊற்றி, கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிமேல் பிடியுங்கள். இளம் ஷாப்லி வெளிறிய எலுமிச்சை நிறத்தில் லேசான பச்சைச் சாயலோடு இருக்கும். பீப்பாயில் வளர்ந்த மெர்சோ ஓரிரு படி அடர்த்தி. பத்து ஆண்டு கடந்தால் பொன்னிறம். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளிறும், வெள்ளை ஒயின் அடர்ந்துகொண்டே போகும்.

கண் சொல்லும் முக்கியமான செய்தி ஒன்றுதான். ஐந்தாறு வயதுப் பாட்டில் பழுப்பு கலந்த ஆழ்பொன் நிறத்தில் இருந்தால் எச்சரிக்கை. காரணத்தை அடுத்து மூக்கு சொல்லும். கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அது மதுவும் தண்ணீரும் ஆவியாகும் வேக வேறுபாட்டால் உண்டாவது. அடியில் கண்ணாடித் துகள் போல மின்னுவது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு, அதனால் கெடுதல் இல்லை.

அசைக்காமல் முகர்தல்

கோப்பையைச் சுழற்றாமல் முதலில் ஒருமுறை முகருங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுழற்றுகிறவர்கள் குறைகளைத் தவறவிடுகிறார்கள். வெள்ளை பர்கண்டியில் மூன்று நெடிகளைப் பிரித்தறியப் பழக வேண்டும்.

முதலாவது, நனைந்த அட்டைப்பெட்டி, ஈரமான நிலவறை போன்ற பூஞ்சை வாடை. தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் இதற்குக் காரணம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்கு பிடித்துவிடும். அளவு மிகக் குறைவாக இருந்தால் வாடை தெரியாது, பழ மணம் மட்டும் காணாமல் போயிருக்கும். அது இன்னும் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் ஒயினே மந்தமானது என்று தவறாக எழுதிவிடுவோம்.

இரண்டாவது, தீக்குச்சி உரசிய நெடி. நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு ஒயினைக் காற்றுப்படாமல் வளர்க்கும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களிலிருந்து இது வருகிறது. மெர்சோவின் கோஷ்-தூரி என்ற தயாரிப்பாளரின் ஒயின்கள் இந்த மணத்துக்குப் பேர்போனவை. அளவோடு இருந்தால் ஒயினுக்கு ஒரு விறைப்பும் வசீகரமும் தருகிறது. எனக்கு அது பிடிக்கும். அளவு மீறி அழுகிய முட்டை, வெந்த முட்டைக்கோஸ் பக்கம் சாய்ந்தால் குறை.

மூன்றாவது, அறுத்து வைத்துக் கறுத்த ஆப்பிள், பழைய தேன், சிக்கடித்த வால்நட். வயதான ஒயினில் இதில் கொஞ்சம் இயல்பு. ஆறு ஏழு வயதில் வந்தால் அது முன்கூட்டிய ஆக்ஸிஜனேற்றம். 1995, 1996 ஆண்டுகளின் ஒயின்களிலிருந்து பர்கண்டியை உலுக்கிய பிரச்சினை இது. இருபது ஆண்டு வாழும் என்று வாங்கி வைத்த பாட்டில்கள் பத்துக்குள் பழுத்துப் போயின. ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் புதிதாக, அடுத்தது கிழடாக இருந்ததுதான் கொடுமை. தக்கையின் தரம், பாதுகாப்புக் கந்தகத்தைக் குறைத்தது, மண்டியை அளவுக்கு மீறிக் கிளறியது என்று பல காரணங்கள் பேசப்பட்டன. பல தயாரிப்பாளர்கள் அதன்பின் டயாம் போன்ற சுத்திகரித்த தக்கைக்கு மாறினார்கள், கிளறுவதையும் குறைத்தார்கள்.

இந்த மூன்றில் எது என்று ஐயம் வந்தால் கோப்பையை அரை மணி நேரம் அப்படியே வைத்துவிடுங்கள். தீக்குச்சி நெடி காற்றில் கரைந்து பின்வாங்கும். பூஞ்சை வாடை கூடும். ஆக்ஸிஜனேறிய ஒயின் இன்னும் சோர்ந்து, நிறமும் இருளும். மணம் பார்த்துத் தடுமாறும் இடத்தில் நேரம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

சுழற்றி முகர்தல்

இப்போது கோப்பையை மேசைமேல் வைத்தே நாலைந்து சுற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, குறுகிய மூச்சுகளாக இழுங்கள். நீண்ட மூச்சாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும்.

மணங்களை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்ளலாம். பழத்திலிருந்து வருபவை: எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெயில் ஆண்டானால் பீச், அன்னாசி. செய்முறையிலிருந்து வருபவை: மண்டியிலிருந்து புது ரொட்டி, ஓக் பீப்பாயிலிருந்து வெனிலா, கிராம்பு, வாட்டிய ரொட்டி. வெண்ணெய் மணம், பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது கிடைக்கும் டைஅசிட்டைலின் வேலை. பர்கண்டியின் வெள்ளை ஒயின்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்தைக் கடந்தவைதான், ஆனால் மண்டியோடு நீண்ட நாள் இருப்பதால் ஈஸ்ட் அந்த வெண்ணெய் மணத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வெண்ணெய் உரக்கக் கேட்டால் அதை உயர்ந்த தரத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது, வயதிலிருந்து வருபவை: தேன், வறுத்த பருப்பு, காளான், உலர்ந்த பூ.

ஐரோப்பியக் குறிப்புகளில் ஹேசல்நட் என்று பார்த்துவிட்டு, அதை ஒருமுறைகூட முகராதவர் தன் குறிப்பில் எழுதுவதில் பொருளில்லை. உங்கள் மூக்குக்கு வறுத்த முந்திரியோ வேர்க்கடலையோ தோன்றினால் அதையே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வாசிக்கும்போது அந்தச் சொல்தான் ஒயினை உங்கள் நினைவுக்குக் கொண்டுவரும்.

மணங்களின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதில் பெருமை இல்லை. பட்டியலை விட முக்கியமான கேள்விகள் இரண்டு. பழமும் ஓக்கும் தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றாகக் கலந்துவிட்டனவா? இரண்டு நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்தால் அதே மணமா, வேறொன்று மேலே வருகிறதா? ஊர்ப்பெயர் ஒயின் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்லும். நல்ல பிரமியே குரூ மூன்றாம் முறையும் புதிதாக ஒன்று சொல்லும்.

சுண்ணாம்புக் கல், ஈரக் கூழாங்கல், சிப்பி ஓடு போன்ற மணங்களை எல்லாரும் மினரல் என்ற ஒற்றைச் சொல்லில் போட்டுவிடுகிறார்கள். பாறையின் தாதுக்கள் வேர் வழியே ஏறி நேரடியாகச் சுவையாக மாறுவதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. உணர்வு மட்டும் மெய். பல நேரங்களில் அது உயர்ந்த புளிப்பும் மெல்லிய கந்தக நெடியும் சேர்ந்து உண்டாக்கும் உணர்வு. அதனால் அந்தச் சொல்லை எழுதினால் எங்கே உணர்ந்தீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்: மூக்கிலா, நாவின் ஓரத்திலா, விழுங்கிய பின் வரும் உப்பிலா.

வாயில்

இரண்டு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, உதடுகளைக் குவித்துச் சற்றுக் காற்றை உள்ளிழுத்து, ஒயினை வாய் முழுதும் உருட்டுங்கள். சத்தம் வரும், வரட்டும். அந்தக் காற்றுதான் மணத்தை வாயின் பின்வழியே மூக்குக்கு ஏற்றுகிறது.

முதலில் புளிப்பு. அதை நாவில் தேடாமல் தாடையில் தேடுங்கள். விழுங்கியபின் கடைவாயின் அடியில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று பாருங்கள். ஷாப்லியில் ஊற்றெடுக்கும். வெயில் ஆண்டின் புயி-ஃபுயிசேயில் மெதுவாகக் கசியும். அடுத்தது கனம். தண்ணீர் போல ஓடுகிறதா, காய்ச்சிய பாலின் அடர்த்தி இருக்கிறதா? 13 சதவீதத்தை ஒட்டிய மது, மண்டியின் வேலை இரண்டும் அந்த அடர்த்தியைத் தருகின்றன. இது இனிப்பில்லாத ஒயின். இனிப்பாகத் தோன்றினால் அது கனிந்த பழமும் ஓக்கும் சேர்ந்து காட்டும் தோற்றம். தொண்டையில் சூடு தெரிந்தால் மது துருத்திக்கொண்டிருக்கிறது. ஈறு உலர்ந்தால் ஓக் அதிகம். முடிவில் எலுமிச்சையின் வெள்ளைத் தோலைக் கடித்தது போன்ற மிக மெல்லிய கைப்பு வந்தால் அது நல்லதே, ஒயினை நிமிர்த்திப் பிடிக்கிறது.

நல்ல வெள்ளை பர்கண்டியின் உயிர் இழுவிசையில் இருக்கிறது. சதைப்பற்று ஒருபுறம் இழுக்க, புளிப்பு மறுபுறம் இழுக்க, இரண்டில் எதுவும் வெல்லாமல் நடுவில் நிற்க வேண்டும். கொழுத்த ஒயின் செய்வது எளிது, கூர்மையான ஒயின் செய்வதும் எளிது. இரண்டையும் ஒரே மிடறில் கொண்டுவருவது அரிது என்பதால்தான் இந்த விலை.

இனி, எல்லாப் படிகளிலும் முக்கியமான படி. விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டு, மனதுக்குள் எண்ணுங்கள். சுவை எத்தனை நொடி நிற்கிறது என்பதைப் பிரெஞ்சு ருசிபார்ப்பவர்கள் கோதாலி என்ற அலகால் குறிப்பிடுவார்கள், ஒரு கோதாலி ஒரு நொடி. என் கணக்கில் நல்ல ஊர்ப்பெயர் ஒயின் ஐந்தாறு நொடி நிற்க வேண்டும், பிரமியே குரூ பத்தை நெருங்க வேண்டும், கிரான் குரூ பதினைந்தைத் தாண்டாவிட்டால் அதன் விலையைக் கேள்வி கேட்கலாம்.

நீளத்தோடு நின்றுவிடாதீர்கள். பத்தாவது நொடியில் எது மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். புளிப்பு மட்டும் மிச்சமிருந்தால் பழம் போதவில்லை. வெனிலாவும் வாட்டிய ரொட்டியும் மட்டும் என்றால் பீப்பாய் பழத்தைத் தின்றுவிட்டது. சூடு மட்டும் என்றால் வெயில் ஆண்டின் கனிவை அறுவடையில் கட்டுப்படுத்தத் தவறியிருக்கிறார்கள். பழமும் உப்பும் பருப்பும் சேர்ந்தே தேய்ந்து, கடைசியில் மறுபடி எச்சில் ஊறினால் நீங்கள் நல்ல ஒயினை வாயில் வைத்திருக்கிறீர்கள்.

காத்திருத்தல்

முதல் குறிப்பைப் பென்சிலில் எழுதிவிட்டு நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரம் ஆனதும் ஒரு முறை, புதிதாக ஊற்றாமல் அதே கோப்பையிலிருந்து ருசியுங்கள். ஏழெட்டு வயதான, நன்றாகச் செய்த ஒரு மெர்சோ பெரியேர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறேன்.

திறந்தவுடன் தீக்குச்சி நெடி முன்னால் வரும், அதன் பின்னே எலுமிச்சைத் தோல், வேறெதுவும் இல்லை. வாயில் இறுக்கம். புளிப்பு ஒரு கோடாக நாவின் நடுவே ஓடி, முடிவில் சட்டென்று நின்றுவிட்டது போலிருக்கும். இந்த இடத்தில் மதிப்பெண் போட்டால் சராசரிக்கு மேல் வராது. அரை மணி நேரத்தில் நெடி பின்வாங்கி, வெள்ளைப் பூவும் பேரிக்காயும் மேலே வரும். ஓக் இன்னும் தனியாகத் தெரியும். மேலும் ஒரு மணி நேரம் போனால் வறுத்த பருப்பு மணம் எழும்பும், ஓக் எங்கே என்று தேட வேண்டியிருக்கும், கோடாக ஓடிய புளிப்பு அகன்று நாவின் இரண்டு ஓரங்களையும் தொடும். முதலில் ஆறு நொடி எண்ணிய இடத்தில் இப்போது பதினான்கு எண்ணுவோம். ஒயின் அதேதான், கூடவோ குறையவோ எதுவும் சேர்க்கவில்லை. மிக இளம் பாட்டிலாக இருந்தால் குடுவைக்கு மாற்றி இந்தப் பயணத்தைச் சுருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுப் பாட்டிலைக் குடுவையில் ஊற்ற வேண்டாம், மிச்சமிருக்கும் மணத்தைக் காற்று கொண்டுபோய்விடும்.

நேர்மாறான பாட்டிலும் உண்டு. திறந்த கணத்தில் வெண்ணெய், வெனிலா, அன்னாசி என்று அள்ளிக் கொடுக்கும். மேசையில் எல்லாரும் புகழ்வார்கள். ஒரு மணி நேரத்தில் வெனிலா மட்டும் எஞ்சும். வெப்பநிலை இரண்டு டிகிரி ஏறினாலே தளர்ந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போல நாவில் ஒட்டும். பென்சில் குறிப்பில் இந்த இரண்டில் எது மேலே இருந்தது என்று பின்னால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்ப்பை எழுதுதல்

நூறுக்கு எண் போடும் முறை விற்பனைக்கு உதவுகிறது, கற்றுக்கொள்வதற்கு அவ்வளவாக உதவாது. நான்கு வாக்கியம் எழுதப் பழகுங்கள். சமநிலை எப்படி, நீளம் எவ்வளவு, மணமும் சுவையும் எவ்வளவு செறிவு, எத்தனை அடுக்கு. ஐந்தாவதாக ஒன்று: லேபிள் சொல்லும் இடத்தைப் போல இது ருசிக்கிறதா? வெண்ணெய் வழியும் ஷாப்லி சுவையாகவே இருக்கலாம், ஆனால் ஷாப்லியாகத் தோற்றுவிட்டது. அதை எழுதத் தயங்க வேண்டாம். என்னைப் பொறுத்தவரை இந்த ஐந்தில் நீளத்துக்கும் சமநிலைக்கும் பாதிக்கு மேல் எடை. செறிவு வெயிலிலிருந்தும் வரும், புதிய பீப்பாயிலிருந்தும் வரும். நீளத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுவரும் வழி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

பிறகு லேபிளைத் திறந்து, எழுதியதோடு ஒப்பிட்டு, விலையோடும் ஒப்பிடுங்கள். லேபிளைப் பார்த்தபின் குறிப்பைத் திருத்தக் கூடாது.

எப்போது குடிப்பது என்பதும் தீர்ப்பின் பகுதிதான். ஊர்ப்பெயர் ஒயினை ஐந்து ஆறு ஆண்டுக்குள், பிரமியே குரூவை ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள், கிரான் குரூவை பத்துக்குப் பிறகு என்று பொதுவாகச் சொல்லலாம். முன்கூட்டிய ஆக்ஸிஜனேற்றத்தின் அச்சம் இருப்பதால் நான் இந்த எல்லைகளின் முன்பாதியிலேயே குடிக்கச் சொல்வேன். சீரான குளிர்ச்சி இல்லாத வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 30 டிகிரி அறையில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலைச் சேமித்து வைப்பதில் பயனில்லை, உடனே திறந்துவிடுங்கள்.

மறுநாள்

பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வையுங்கள். தக்கையை மறுபடி இறுக்கி, நிமிர்த்தியபடியே குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை அதே வெப்பநிலையில், அதே கோப்பையில் ருசியுங்கள். ஒரு பெட்டி வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும் சோதனை. ஒரு நாள் காற்று பல ஆண்டு முதிர்ச்சிக்கு ஈடாகாது, ஆனால் ஒயினுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டிவிடும். நேற்றை விட விரிந்து, நீளமும் கூடியிருந்தால் மற்ற பாட்டில்களை இரண்டு மூன்று ஆண்டு தொடாதீர்கள். நேற்றுப் போலவே இருந்தால் அடுத்த ஆண்டு இன்னொன்றைத் திறந்து பாருங்கள். பழம் மங்கி, கறுத்த ஆப்பிள் வாடை தலைகாட்டி, நிறமும் ஒரு படி இருண்டிருந்தால் மீதி பாட்டில்களை இந்த ஆண்டுக்குள்ளேயே நண்பர்களை அழைத்துக் குடித்து முடித்துவிடுங்கள்.